ஆளுக்கு ஒரு சீட்டு

ஜூன் 3, திங்கள்

புத்தாண்டுக்கு ஜவுளிக்கடையில் இலவசமாகக் கொடுத்த டைரி இது. இதுவரை பிளவுஸ் அளவு மட்டும்தான் எழுதியிருக்கிறேன். இன்று முதல் இவரையும் எழுதப் போகிறேன். தேதி போட்டு எழுதி வைத்தால், "நான் எப்பச் சொன்னேன்" என்று பிற்பாடு புரட்ட முடியாது.

இவர் என்றால் என் வீட்டுக்காரர் வெயிலுமுத்து. அரசு பஸ்ஸில் முப்பத்தொரு வருஷம் டிரைவர். போன வருஷம் ஓய்வு பெற்றார். அன்றிலிருந்து கறிவேப்பிலை வாங்கிவரச் சொன்னால்கூடச் செருப்பைத் தேடவே அரை மணி நேரம் எடுக்கிற மனுஷர். அப்பேர்ப்பட்டவர் பத்து நாளாகச் சாயங்காலம் நாலரை மணிக்கு முகம் கழுவி, பவுடர் போட்டு, இஸ்திரிச் சட்டை மாட்டி, "நூலகத்துக்குப் போயிட்டு வாரேன்" என்கிறார். ஆறரைக்குத் திரும்புகிறார். என்ன படித்தீர்கள் என்றால், பேப்பராம். வீட்டுக்கு வருகிற பேப்பரை வடையில் எண்ணெய் ஒற்றத்தான் பிரிப்பார்.

சரி, பேப்பர் படிக்கப் பவுடர் எதற்கு?

ஜெயசெல்விக்கு ரெண்டு பிளவுஸ், அடுத்த புதன்கிழமைக்கு. மருந்துக்கடை ரோஸ்லினுக்குச் சுடிதார் கை பிரித்துத் தைக்க வேண்டும்.

ஜூன் 7, வெள்ளி

இன்றும் போனார். எங்கள் ஊர் நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. கோவில்பட்டியில் இது தெரியாதவர் கிடையாது, இவரைத் தவிர.

வந்ததும் கேட்டேன். "இன்னைக்குக் கூட்டம் எப்படி?"

"நல்ல கூட்டம்" என்றார். பூட்டிய கதவுக்கு முன்னால் என்ன கூட்டமோ.

காபியில் சர்க்கரை போடாமல் கொடுத்தேன். ஒரு வார்த்தை பேசாமல் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வேறு வைத்தார். தப்புச் செய்கிற ஆள்தான் டம்ளர் கழுவுவான்.

ஜூன் 9, ஞாயிறு

இவர் முடி வெட்டப் போன நேரத்தில் வீட்டைச் சோதனை போட்டேன். இதை எழுதக் கூச்சமில்லை. பரணில் பழைய காக்கி யூனிபாரம் வைத்திருக்கிற டிரங்குப் பெட்டிக்குள், மடித்த சட்டைக்கு அடியில், ஒரு நீள நோட்டு. பிரவுன் அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, பேர் எழுதி, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி.

உள்ளே பூராவும் இங்கிலீஷ். இவருடைய கோணல் எழுத்து, பக்கத்தில் வேறு யாரோ போட்ட சிவப்பு டிக். முதல் பக்கத்தில் மட்டும் தமிழில் எழுதியிருந்தது: "ஜோடியாக வரும் சொற்கள். எந்தச் சொல்லோடு எது சேரும் என்று பழக வேண்டும். தினமும் ஐந்து வாக்கியம். சொந்த வாழ்க்கையிலிருந்து." கடைசி மூன்று சொல்லுக்கும் கீழே சிவப்புக் கோடு.

அறுபத்தொரு வயதில் இங்கிலீஷ் படிப்பது குற்றமில்லை. அதைக் காக்கிச் சட்டைக்கு அடியில் ஒளித்து வைக்கிறாரே, அதுதான் குற்றம். அதுவும் இந்த வீட்டில். போன வருஷம் பிப்ரவரியில் இங்கிலாந்திலிருந்து அந்த போன் வந்ததிலிருந்து இங்கிலீஷ் சத்தம் கேட்டாலே நான் எழுந்து உள்ளே போய்விடுவேன் என்று இவருக்குத் தெரியும். டிவியில் வந்தால்கூட மாற்றிவிடுவார்.

அந்த போனைப் பற்றி இதில் எழுத மாட்டேன்.

நேராகக் கேட்கலாம். கேட்டால் பொய் வரும். நூலகப் பொய்யே இன்னும் எனக்குச் செரிக்கவில்லை. நான் பத்தாவது வரை படித்தவள், எழுத்துக் கூட்டுவேன், அர்த்தம்தான் தெரியாது. அதனால் ஒரு யோசனை செய்திருக்கிறேன். ஒரு வாக்கியத்தை ஒரு சீட்டில் அப்படியே பார்த்து எழுதி, ஒரு ஆளிடம் மட்டும் காட்டுவது. அடுத்த வாக்கியம் அடுத்த ஆளுக்கு. யாருக்கும் முழு விஷயம் தெரியாது. என் வீட்டுச் சங்கதி ஊருக்குப் போக நான் விட மாட்டேன்.

ஜூன் 12, புதன்

முதல் சீட்டு ஜெயசெல்விக்கு. பாங்கில் வேலை, நல்ல படிப்பு. பிளவுஸைப் போட்டுப் பார்த்துக்கொண்டு, ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்ற நேரத்தில் கண்ணுக்கு நேரே நீட்டினேன். "பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஹோம்வொர்க்காம். என்ன அர்த்தம்னு பாரேன்." உடம்பைச் சுற்றிக் குண்டூசி குத்தியிருக்கும்போது யாரும் எதிர்க் கேள்வி கேட்பதில்லை.

"ஐ ஆம் டீப்லி கிரேட்ஃபுல் டு யூ" என்று வாசித்தாள். "உங்களுக்கு ரொம்ப ஆழமா நன்றிக்கடன் பட்டிருக்கேன்னு அர்த்தம்க்கா."

முப்பது வருஷமாக இந்த மனுஷருக்குச் சோறு போடுகிறேன். குழம்பு நன்றாக இருக்கிறது என்று ஒரு நாள் வாய் திறந்ததில்லை. ஆழமாம்.

யாருக்கு?

ஜூன் 14, வெள்ளி

ரோஸ்லின் சுடிதார் வாங்க வந்தாள். ரெண்டாவது சீட்டு.

"ஐ ஆம் ட்ரூலி ஹேப்பி தட் யூ ஆர் ஃபுல்லி ரெகவர்டு. நீங்க பூரணமாக் குணமானதுல எனக்கு உண்மையாவே சந்தோஷம்னு எழுதியிருக்கு அத்தை. எந்தக் கிளாஸ் பிள்ளை? நல்லா எழுதுது."

யாருக்கு நோவு, யார் குணமானது? இவருடைய அக்காவுக்கு மூட்டுவலி, அது இந்த ஜென்மத்தில் குணமாகாது. கூட வேலை பார்த்த பால்ச்சாமி அண்ணனுக்கு மூலம், அதற்கு இங்கிலீஷில் சந்தோஷப்பட வேண்டியதில்லை. எனக்குத் தெரியாத ஒரு ஆள் இருக்கிறது. அந்த ஆளுக்கு நோவு வந்து, இவர் கவலைப்பட்டு, அது குணமாகி, இவர் பவுடர் போட ஆரம்பித்திருக்கிறார்.

ஜூன் 18, செவ்வாய்

ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுக்கிற சாக்கில் பின்னாலேயே போனேன். பஸ் ஸ்டாண்டு ரோட்டில் ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு. இவர் அங்கேதான் ஏறினார். நடத்துகிறவள் ஹெப்சிபா மிஸ்ஸாம். கடைக்காரப் பெண்ணிடம் வயசு கேட்டேன். நாற்பது இருக்கும் என்றாள். கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டேன். ஒரு மாதிரி பார்த்தாள்.

மாடிப்படியில் பாதி ஏறி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். காலேஜ் பிள்ளைகளுக்கு நடுவில், கடைசி பெஞ்சில், முழங்கால் மேசைக்கு அடியில் கொள்ளாமல் உட்கார்ந்திருந்தார். மிஸ் எழுப்பிவிட்டதும் கை கட்டிக்கொண்டு நின்று, "டீப்லி... டீப்லி..." என்று திக்கினார். முன் பெஞ்சுப் பெண்கள் சிரித்தார்கள். இவரும் அசட்டுச் சிரிப்பு சிரித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஊரே அலற ஹாரன் அடித்து பஸ் ஓட்டிய மனுஷர்.

ஒரு நிமிஷம் பாவமாகத்தான் இருந்தது. பாவம் பார்த்துத்தான் நான் இத்தனை வருஷம் ஏமாந்திருக்கிறேன் என்று இறங்கி வந்துவிட்டேன்.

மிஸ் பருத்திச் சேலை. பிளவுஸ் தோள் பக்கம் சரியாகவே தைக்கவில்லை. ஆள் மேல் எனக்குச் சந்தேகம் தோன்றவில்லை. அப்படியானால் வேறு யார்?

ஜூன் 20, வியாழன்

ஒரே நாளில் ரெண்டு சீட்டு. காலையில் ரோஸ்லின், மாலையில் ஜெயசெல்வி.

ஒன்று: "உங்க சின்ன மகள் இன்னும் பெயின்ஃபுல்லி ஷையா இருக்காளா?" ரொம்பக் கூச்சப்படுகிற பிள்ளையாம்.

ரெண்டு: "நாம எப்பவாவது சந்திக்கிறது ஹைலி அன்லைக்லி." அநேகமாக நடக்காதாம்.

ஆக, பெண்பிள்ளைதான். அவளுக்கு ஒரு குழந்தையும் இருக்கிறது. இவர் அவளைச் சந்திக்க முடியாமல் ஏங்குகிறார். எந்த ரூட்டில் ஓட்டும்போது பிடித்த சினேகிதமோ. மதுரை ரூட்டாகத்தான் இருக்கும்.

மிக்ஸி ஓடவில்லை. சட்னியை அம்மியில் அரைத்தேன். நன்றாகவே அரைந்தது.

ஜூன் 23, ஞாயிறு

இன்று எங்கள் மகன் கதிரேசனுக்கு இருபத்தேழு. பாயசம் வைக்கவில்லை.

ஜூன் 27, வியாழன்

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இவராகவே ஆரம்பித்தார். "ஏ வல்லி, மூணு வயசுப் பிள்ளைக்கு ஒரு கவுன் தைக்க முடியுமா?"

"யாரு பிள்ளை?"

"கூடப் பேப்பர் படிக்கிறவரு பேத்தி."

"அளவு?"

"அளவு தெரியாது. நம்மூருப் பிள்ளைகளைவிடக் கொஞ்சம் வளத்தியா இருக்கும்னு நினைக்கேன்."

பேப்பர் படிக்கிறவரின் பேத்தி எந்த ஊர்ப் பிள்ளை என்று கேட்டேன். மோர் ஊற்று என்றார். ஆர்டர் நிறைய இருக்கிறது, முடியாது என்று சொல்லிவிட்டேன். தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிட்டார். அவள் பிள்ளைக்கு நானே கவுன் தைக்க வேண்டுமாம். இந்த நெஞ்சழுத்தம் எங்கிருந்து வந்தது இவருக்கு?

ஜூலை 1, திங்கள்

பீரோவைச் சுத்தம் செய்தேன். கதிருக்கு நான் தைத்த நீலக் கட்டம் போட்ட சட்டை அப்படியே இருக்கிறது. படிக்கவென்று லண்டனைத் தாண்டி ஏதோ ஒரு ஊருக்குப் போனவன், படித்து முடித்து அங்கேயே வேலை பார்த்தான். கொரோனா என்று ரெண்டு வருஷம், விசா என்று ஒரு வருஷம், வரவே இல்லை. போன வருஷம் பொங்கலுக்கு வருகிறேன் என்றான். அதற்காகத் தைத்தது. பொங்கலுக்கு லீவு கிடைக்கவில்லை. அடுத்த மாதம் ரோட்டைக் கடக்கும்போது வேன் மோதி, ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, பெட்டியில் வந்தான்.

அந்தச் சட்டையைப் போட்டு அனுப்ப வேண்டும் என்று கேட்டேன். இவர் விடவில்லை. "வேண்டாம் வல்லி, மருந்து போட்டு அனுப்பியிருக்காங்க. தொடக்கூடாது." குறுக்கே வந்து நின்றுகொண்டார். அங்கே யாரோ போட்டுவிட்ட வெள்ளைச் சட்டையோடே மின்மயானத்துக்குப் போனான். கழுத்து வரைக்கும் பொத்தான் போட்டிருந்தது. கதிர் மேல் பொத்தான் போடுகிற பிள்ளையே இல்லை. மூச்சு முட்டுது என்பான். பள்ளிக்கூடத்தில் அதற்காக அடியே வாங்கியிருக்கிறான்.

அந்த போன் வந்தபோது நான் இவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். என் பிள்ளையை முழுசாக் கொண்டு வந்து சேருங்க என்று. முழுசா வருவான் என்றார். முழுசாகத்தான் வந்தான். அதில் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை.

பூச்சி உருண்டை வாங்க வேண்டும்.

ஜூலை 3, புதன்

ரோஸ்லினிடம் கொடுத்த சீட்டு: "மை வைஃப் இஸ் கம்ப்ளீட்லி அன்அவேர்."

"என் மனைவிக்குச் சுத்தமாத் தெரியாதுன்னு அர்த்தம் அத்தை." வாசித்துவிட்டு ரோஸ்லின் என் முகத்தையே பார்த்தாள். "பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எத்தனை வயசு?"

"துணிக்கு லைனிங் போடணுமா வேண்டாமா, அதைச் சொல்லு" என்றேன்.

ஜூலை 4, வியாழன்

எட்டயபுரத்தில் என் தம்பி வீட்டுக்குப் போய்விடலாம் என்று பையில் நாலு சேலை எடுத்து வைத்தேன். பிறகு, ஆடி மாச அம்மன் கோயில் கொடைக்குத் தைக்கக் கொடுத்த பதினோரு பிளவுஸ் கிடக்கிறதே என்று சேலையைத் திரும்ப அடுக்கினேன். நான் ஏன் போக வேண்டும்? போகிறவர் போகட்டும்.

அழுதேன். இதையும் தேதி போட்டு எழுதி வைக்கிறேன்.

ஜூலை 9, செவ்வாய்

நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வாக்கியம். மற்றதுக்கெல்லாம் டிக் இருக்கிறது, இதற்கு டிக்கும் இல்லை, தப்பும் இல்லை. கீழே மிஸ் சிவப்பு மையில் தமிழில் எழுதியிருந்தாள்: "அண்ணாச்சி, இதை நான் திருத்த மாட்டேன்."

ஜெயசெல்வியிடம் காட்டினேன். வாசித்தாள். தூக்கியிருந்த கையை இறக்கினாள். குண்டூசி குத்தியிருக்கும், அதைக்கூடப் பார்க்கவில்லை.

"அக்கா, இது ஹோம்வொர்க் இல்லையே."

"அர்த்தத்தைச் சொல்லு."

"மை சன் இஸ் நாட் என்டையர்லி கான். என் மகன் முழுசாப் போயிடலை. அப்படின்னு அர்த்தம்."

பிளவுஸுக்குக் காசு கொடுக்க மறந்து போய்விட்டாள். நானும் கேட்க மறந்துவிட்டேன்.

ஜூலை 10, புதன்

ஆறு சீட்டையும் தையல் மெஷின் மேல் பரப்பி வைத்து யோசித்தேன். இத்தனை நாள் நான் எப்படிப்பட்ட முட்டாளாக இருந்திருக்கிறேன்.

இங்கிலீஷில் எழுத வேண்டிய பெண் மதுரையில் எப்படி இருப்பாள்? அவள் அங்கே இருக்கிறாள். நம்மூர்ப் பிள்ளையைவிட உயரமாக ஒரு மகள். மூன்று வயது. கதிர் போய் மூன்றரை வருஷம் அங்கே இருந்தான். லீவு இல்லை, விசா இல்லை என்று ஊருக்கு வராமலேயே இருந்தான். ஏன் வரவில்லை என்று இப்போது தெரிகிறது. யாரோ ஒரு வெள்ளைக்காரியோடு குடும்பம் நடத்தியிருக்கிறான் பயல். அவள் நோவில் விழுந்து இப்போது எழுந்திருக்கிறாள். இவருக்கு எழுதியிருக்கிறாள். நான் குதிப்பேன் என்று பயந்து இவர் மறைத்திருக்கிறார். மகன் முழுசாகப் போய்விடவில்லை, ஒரு பிள்ளையை விட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

குதித்திருப்பேன்தான். அவன் இருந்திருந்தால் என்ன சாதி, என்ன மதம் என்று வீட்டை ரெண்டாக்கியிருப்பேன். இப்போது எனக்கு எதுவுமே வேண்டாம். அந்தப் பிள்ளைக்கு அவன் காது இருக்கிறதா என்று மட்டும் தெரிய வேண்டும்.

இரவுக்கு இவருக்குப் பிடித்த புளிக்குழம்பு வைத்தேன். சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். நன்றாகப் பார்க்கட்டும்.

ஜூலை 13, சனி

நீலக் கட்டச் சட்டையைப் பிரித்தேன். வேறு துணி எதற்கு? அப்பன் போடாத சட்டையை மகள் போடட்டும். முதுகுத் துணியில் பாவாடைப் பகுதி சரியாக வந்தது. முன் பக்கம் ரெண்டிலும் மேலுடம்பு. கத்தரியை ரெண்டு தரம் எடுத்து எடுத்துக் கீழே வைத்தேன். வெட்டிவிட்டேன்.

ஐந்து வருஷத்துக்குப் பிறகு பாட்டுப் பாடிக்கொண்டே மெஷின் மிதித்தேன் என்று எதிர் வீட்டு மதினி சொன்னாள். எனக்குத் தெரியவில்லை.

ஜூலை 17, புதன்

ஆடி முதல் தேதி. ஆடி அமாவாசைக்குத் திருச்செந்தூர் போகலாமா என்று கேட்டேன். செருப்பைத் தேடப் போய்விட்டார். போன வருஷம் கடலில் இடுப்பளவுத் தண்ணீரில் எள்ளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர், ஐயர் பேர் கேட்டதும், "தண்ணி ரொம்ப இழுக்கு" என்று எதுவும் செய்யாமல் கரையேறிவிட்டார். பெற்ற பிள்ளைக்கு எள்ளுத் தண்ணீர் விட வராத கை என்ன கை என்று அன்று நான் ஏசியது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

கவுனுக்குப் பொத்தான் மட்டும் பாக்கி.

ஜூலை 21, ஞாயிறு

சாப்பிட்டு முடித்ததும் கவுனைக் கொண்டுபோய் இவர் மடியில் வைத்தேன். "எல்லாம் எனக்குத் தெரியும். நம்ம பேத்தி பேரு என்ன?"

கட்டம் போட்ட துணியைப் பார்த்தார். எந்தத் துணி என்று தெரிந்துவிட்டது. "வல்லி, வல்லி" என்று ரெண்டு தரம் சொன்னார். அப்புறம் மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"பேத்தி இல்லை வல்லி."

"பின்னே?"

"அந்தப் பொண்ணுக்கும் நம்ம கதிருக்கும் அறிமுகமே கிடையாது. அவளுக்கு வச்சிருக்கது அவன் இதயம்."

நான் உட்கார்ந்திருந்தேன். இவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மறந்துவிடக் கூடாது என்பதற்காக.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து தமிழ் தெரிஞ்ச ஒரு பொண்ணு போன்ல பேசுச்சு. மூளை நின்னு போச்சு, இனிமே திரும்பாது, இதயம் மட்டும் நல்லா ஓடுதுன்னு சொல்லுச்சு. வேற ஒரு உசுரைக் காப்பாத்தலாமாம். அங்கே டிரைவிங் லைசென்ஸ் எடுக்கும்போது கதிரே சம்மதம்னு எழுதி வச்சிருக்கான். அப்பா நீங்க என்ன சொல்றீங்கன்னு கேட்டுச்சு. நான் சரின்னேன்."

"எங்கிட்ட ஏன் கேக்கலை?"

"நீ அடுத்த ரூம்ல, முழுசாக் கொண்டு வாங்க, முழுசாக் கொண்டு வாங்கன்னு கத்திக்கிட்டு இருந்தே. நான் என்னன்னு கேக்க?"

சட்டையை ஏன் மாற்ற விடவில்லை, கழுத்து வரை பொத்தான் ஏன் என்று நான் கேட்கவில்லை. தையல்காரி நான். ஒரு துணியைப் பார்த்தால் உள்ளே என்ன தைத்திருக்கிறது என்று தெரியாதா எனக்கு? பதினேழு மாதமாகத் தெரியும். தெரியாது என்று வைத்திருந்தேன்.

ஜூலை 22, திங்கள்

பேசவில்லை.

ஜூலை 23, செவ்வாய்

பேசவில்லை. என் பிள்ளையின் சட்டையை எவளோ ஒருத்தியின் பிள்ளைக்கு வெட்டிவிட்டேன். இனி அதை ஒட்டித் தைத்தாலும் சட்டை ஆகாது. கவுனை மெஷின் டிராயரில் போட்டுப் பூட்டினேன். இவர் வகுப்புக்குப் போகவில்லை. போகச் சொல்லவும் இல்லை நான்.

ஜூலை 28, ஞாயிறு

அந்தக் கடிதத்தைக் கொண்டு வாருங்கள் என்றேன். ஒரு வாரம் கழித்து நான் பேசிய முதல் பேச்சு அதுதான்.

நாலு மாதத்துக்கு முன்னால் வந்ததாம். ஆஸ்பத்திரி மூலமாக, பேர் ஊர் எதுவும் இல்லாமல், டிப்போ விலாசத்துக்கு. ஹெப்சிபா மிஸ்ஸிடம்தான் முதலில் வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். பதிலை நானே எழுதித் தாரேன் என்று மிஸ் சொன்னதற்கு, எங்க பிள்ளைக்கு நாங்கதான் எழுதணும், சொல்லிக் கொடுங்க என்றாராம். அதற்குத்தான் பெஞ்சும் பவுடரும்.

"இத்தனை ஜோடி எதுக்கு? நன்றின்னு எழுதினாப் போதாதா?"

"மிஸ் சொல்றாங்க, வெறும் சாரின்னா பஸ்ஸுல காலை மிதிச்சவன்கூடச் சொல்வான். வெறும் ஹேப்பின்னா டீ குடிச்சவன் சொல்வான். இந்த விஷயத்துக்கு அது பத்தாதுல்ல வல்லி. முன்னாடி ஒரு சொல் வச்சு எடையைக் கூட்டணும். ஆனா எதை எது முன்னாடி வைக்கன்னு அவங்க பாஷையில ஒரு கணக்கு இருக்கு. அதுதான் எனக்கு வர மாட்டேங்குது."

கடிதத்தை ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து வாசித்து, தமிழில் சொன்னார். அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்க்கிறவள். மகளைப் பெற்றதிலிருந்தே இதயம் கெட்டுப் படுக்கையில் கிடந்தவள். இப்போது மகளைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினாளாம். நடுவில் எங்கேயும் நிற்கவில்லையாம். மேலே போய்ச் சேர்ந்ததும், யாரென்று தெரியாத உங்கள் பிள்ளைக்குக் கை கூப்பினேன் என்று எழுதியிருக்கிறாள்.

கதிர் மலைக் கோயில் படியை நிற்காமல் ஏறுவான். நான் கீழேயிருந்து கத்துவேன்.

எனக்குச் சொல்லாமல் செய்ததை நான் மன்னிக்கவில்லை. அதை இவரிடமும் சொன்னேன். "சரி" என்றார்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஆடி அமாவாசை. திருச்செந்தூர் போனோம். பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்குக் கொடுத்துவிட்டு, டிரைவர் பிரேக் போடுகிற லட்சணத்தை வழி பூராவும் குறை சொல்லிக்கொண்டே வந்தார். கடலில் சரியான கூட்டம். இவர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார். நானும் பக்கத்தில் நின்றேன். கையிலிருந்த எள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெத்த பிள்ளைக்குத் தண்ணி விட வராத கைன்னு நீ ஏசுனே" என்றார் மெதுவாக. "அவன் அங்கே துடிச்சுக்கிட்டு இருக்கான். இருக்கிறவனுக்கு எப்படி வல்லி எள்ளு விட?"

இது எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஐயர் எங்கள் பக்கம் வந்தார். யார் யார் பேருக்கு என்று கேட்டார். இவர் தன் அப்பா பேரைச் சொன்னார், அம்மா பேரைச் சொன்னார். அப்புறம் வாயை மூடிக்கொண்டார்.

"வேற யாரும் உண்டா?"

இவர் என்னைப் பார்த்தார்.

"வேற யாரும் இல்லை சாமி" என்றேன் நான்.

எள்ளையும் தண்ணீரையும் விட்டுவிட்டுக் கரையேறினோம். இவர் அழுதார். நான் ஈரச் சேலையைப் பிழிந்தேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

மிஸ்ஸிடம் கேட்டாராம். பேர் ஊர் தெரியாதபடி சின்னப் பொருள் ஏதாவது கடிதத்தோடு வைக்கலாமா என்று மிஸ் ஆஸ்பத்திரிக்கு மெயில் போட்டுக் கேட்டு, சரி என்று பதில் வந்துவிட்டது.

எனக்கு அந்தப் பெண் மேல் இன்னும் சந்தேகம்தான். மாத்திரையை வேளாவேளைக்குப் போடுகிறாளா? பள்ளிக்கூடத்துச் சமையல் என்றால் அண்டா தூக்க வேண்டியிருக்குமே, அதையெல்லாம் இவள் தூக்குகிறாளா? இதையெல்லாம் நன்றாக எடை கூட்டிக் கேட்டு எழுதுங்கள் என்றேன். இவர் நோட்டைப் புரட்டிப் புரட்டி ஜோடி தேடிக்கொண்டிருக்கிறார். வகுப்புக்கு நேரமாகிவிட்டது, போங்கள் என்று பவுடர் டப்பாவை நானே எடுத்துக் கொடுத்தேன்.

மெஷின் டிராயரைத் திறந்தேன்.

கவுன் ஒன்று. நீலக் கட்டம். வயது மூன்று. பேர் தெரியாது. கழுத்து தாராளமாக இறக்கியிருக்கிறது. மேல் பொத்தான் வைக்கவில்லை.